‘ஆஃபன்’ என்றால் 70 சதவீதமா?

ஆங்கிலம் சொல்லித்தரும் பயிற்சிப் புத்தகங்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் ஓர் ஏணிப் படத்தைப் பார்க்கலாம். மேல்படியில் ‘ஆல்வேஸ்’, 100 சதவீதம். அடுத்து ‘யூஷுவலி’ 90, ‘ஆஃபன்’ 70, ‘சம்டைம்ஸ்’ 50, ‘ரேர்லி’ 10, தரைமட்டத்தில் ‘நெவர்’ 0. புத்தகத்துக்குப் புத்தகம் எண்கள் சற்றே மாறும்; ஏணி மாறாது. அதன் கீழே ஒரு விதி இருக்கும்: இந்தச் சொற்கள் முதன்மை வினைக்கு முன்னால் வரும், ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால் வரும். ஏணியை மனப்பாடம் செய்து, விதியைக் கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பிவிட்டால் ‘அட்வெர்ப்ஸ் ஆஃப் ஃப்ரீக்வென்ஸி’ பாடம் முடிந்தது. ஒரு செயல் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று சொல்லும் இந்த வினையடைகளை இப்படிக் கற்பிப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. ஏணி காட்டும் எண்கள் உண்மையல்ல. விதி உண்மைதான், ஆனால் காரணம் சொல்லாமல் கையில் திணிக்கப்படும் விதி. பேசுகிறவர் எதை எதிர்பார்த்தார், எதை உறுதி செய்கிறார், எதை மறுக்கிறார் என்பதைக் காட்டத்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பயன்படுகின்றன. அவை வாக்கியத்தில் நிற்கும் இடம் அந்த உறுதிக்கும் மறுப்புக்கும் எல்லை வகுக்கிறது. பொருளும் இடமும் ஒரே பாடம். நாம் அவற்றைப் பிரித்து, ஒன்றைக் கணக்காகவும் மற்றொன்றை மனப்பாடமாகவும் ஆக்கிவிட்டோம்.

ஏணிக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1944-ல் அமெரிக்காவில் ரே சிம்ப்சன் என்ற ஆய்வாளர், பள்ளி கல்லூரி மாணவர்களிடம் இத்தகைய சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் 100 தடவையில் எத்தனை தடவையைக் குறிக்கிறது என்று கேட்டார். 1968-ல் மில்டன் ஹேக்கல் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். கால் நூற்றாண்டு இடைவெளியிலும் இரண்டு சோதனைகளின் சராசரிகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. ஏணி வரைகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஹேக்கல் சுட்டிக்காட்டிய முக்கியமான விஷயம் வேறு. சராசரி நிலையாக இருந்ததே தவிர, ஆளுக்கு ஆள் சொன்ன எண்கள் மிகப் பரந்து கிடந்தன. ஒரே சொல்லுக்கு ஒருவர் கொடுக்கும் எண்ணை இன்னொருவர் கொடுப்பதில்லை. ஓர் ஊரில் உள்ளவர்களின் சராசரி உயரத்தைக் கணக்கிடலாம். அதை வைத்து எதிரே நிற்பவரின் உயரத்தைச் சொல்ல முடியாது. ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தில் ‘ஆஃபன்’ என்று சொல்லும்போது அவர் மனதில் 70 இருக்கிறது என்று நம்புவதற்கு இந்த ஆய்வுகளில் இடமே இல்லை.

ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, பேச்சுக்குப் பேச்சும் எண் மாறுகிறது. பெப்பர், பிரிட்டுலாக் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே, சில சமயம் ‘அடிக்கடி’ என்பதற்கு ‘அபூர்வமாக’ என்று பொருள் என்கிறது. இயல்பாகவே நிறைய நடக்கும் என்று நாம் நினைக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது ‘ஃப்ரீக்வென்ட்லி’ என்ற சொல்லுக்குப் பெரிய எண்ணைக் கொடுக்கிறோம். நடப்பதே அரிது என்று நினைக்கும் ஒன்றுக்கு அதே சொல் மிகச் சிறிய எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. தமிழில் யோசித்தால் இதற்கு ஆய்வே தேவையில்லை. ஒரு மலைப்பகுதியில் அடிக்கடி நிலநடுக்கம் வரும் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தாலே அந்த வாக்கியம் உண்மை. ஒருவர் அடிக்கடி காபி குடிப்பார் என்று சொல்லிவிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை குடிப்பார் என்று விளக்கினால் கேட்பவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இரண்டு இடத்திலும் அந்தச் சொல் செய்யும் வேலை ஒன்றுதான்: நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்று சொல்கிறது. எவ்வளவு என்பதைக் கேட்பவரின் உலக அறிவு நிரப்பிக்கொள்கிறது. இந்த அறிவோடுதான் தமிழ்க் குழந்தை ஆங்கில வகுப்புக்குள் வருகிறது. ‘அடிக்கடி’யை எந்தச் சதவீதமும் தெரியாமல் சரியாகப் பயன்படுத்தும் குழந்தைக்கு, ‘ஆஃபன்’ என்பது 70 என்று சொல்லிக் கொடுத்து, தெரிந்ததை மறக்கடிக்கிறோம்.

உண்மையிலேயே எண் தேவைப்படும் இடங்களில் ஆங்கிலம் பேசுபவர்களே இந்தச் சொற்களை நம்பாமல் போனதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துத் துண்டறிக்கைகளில் பக்கவிளைவுகளுக்கு வகுக்கப்பட்ட சொற்கள் உண்டு. 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் ‘வெரி காமன்’. 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவர் வரை என்றால் ‘காமன்’. ‘ரேர்’ என்றால் 10,000 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரை. வகுப்பறை ஏணியில் 10 சதவீதத்துக்குப் பெயர் ‘ரேர்லி’. மருந்துத் துண்டறிக்கையில் அதே 10 சதவீதத்துக்குப் பெயர் ‘வெரி காமன்’. 2002-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் டயான் பெரி, பீட்டர் நாப், தியோ ரேனர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, பொதுமக்கள் இந்தச் சொற்களைப் படித்துவிட்டு உண்மையான ஆபத்தைவிடப் பல மடங்கு அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. அதனால்தான் இன்றைய துண்டறிக்கைகளில் சொல்லோடு கூடவே இத்தனை பேரில் ஒருவருக்கு என்ற எண்ணும் அச்சாகிறது. மனச்சோர்வை மதிப்பிட உலகெங்கும் பயன்படும், 2001-ல் வெளியான ஒன்பது கேள்விப் படிவமும் அதே வழியில்தான் போகிறது. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் என்றுதான் அது கேட்கிறது: இல்லவே இல்லை, பல நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும். ‘சம்டைம்ஸ்’, ‘ஆஃபன்’ என்று ஆளுக்கு ஆள் மாறும் சொற்களுக்கு அங்கே இடமில்லை. நோயாளியின் உயிரும் மனநலமும் சார்ந்த இடத்தில் எண்ணாகப் பயன்படாத சொற்களை, ஏழாம் வகுப்பில் மட்டும் எண்ணாக எழுதி ஒட்டுவது எந்த விதத்தில் சரி?

சதவீதம் என்ற எண்ணத்துக்கே அடிப்படையில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. எதில் சதவீதம்? நாட்களிலா, தடவைகளிலா? முக்கோணத்துக்கு ‘ஆல்வேஸ்’ மூன்று கோணங்கள் என்று ஆங்கிலத்தில் இயல்பாகச் சொல்கிறார்கள். காலையிலும் மூன்று, மாலையிலும் மூன்று என்பதா அதன் பொருள்? எல்லா முக்கோணங்களுக்கும் என்பதே பொருள். உயரமான பெற்றோருக்கு ‘யூஷுவலி’ உயரமான பிள்ளைகள் என்பதும் காலத்தை எண்ணவில்லை, குடும்பங்களை எண்ணுகிறது. தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1975-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் நிறுவினார்: இந்த வினையடைகள் நேரத்தின் துண்டுகளை எண்ணுவதாக நினைப்பது போதாது, வாக்கியம் பேசும் நேர்வுகளை, அவை எவையாக இருந்தாலும், இவை அளக்கின்றன. வாக்கியம் முழுவதையும் படித்த பிறகுதான் எதை எண்ணுகிறோம் என்பதே தெரியும் என்றால், வாக்கியத்துக்கு வெளியே ஏணியில் தொங்கும் சொல்லுக்கு என்ன எண்ணைப் போடுவது?

ஏணியின் மிகப் பெரிய குறை இதுவுமல்ல. ‘சம்டைம்ஸ்’ஸுக்குக் கீழே ‘ரேர்லி’யை ஒரு படி தள்ளி வைக்கும்போது, இரண்டுக்கும் வித்தியாசம் அளவில் மட்டும்தான் என்று அது சொல்கிறது. ஆங்கில இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. ஒரு பக்கம் உடன்பாடு, மறுபக்கம் எதிர்மறை. மூன்று சோதனைகளில் இதைக் கண்டுகொள்ளலாம். வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வியைப் பாருங்கள். ‘ஹி சம்டைம்ஸ் கம்ஸ்’ என்றால் ‘டஸன்ட் ஹி?’ என்று கேட்க வேண்டும். ‘ஹி ரேர்லி கம்ஸ்’ என்றால் ‘டஸ் ஹி?’ என்று கேட்க வேண்டும். ‘ஹி டஸன்ட் கம்’ என்ற எதிர்மறை வாக்கியத்துக்குப் பின்னால் வரும் அதே கேள்வி. அடுத்து, சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தைத் தவிர்த்து, பெரும்பாலும் எதிர்மறையோடும் கேள்வியோடும் பழகும் ‘எனி’ என்ற சொல். ‘ஷி ரேர்லி ஈட்ஸ் எனி மீட்’ சரி. ‘சம்டைம்ஸ்’ போட்டால் ‘எனி’ அங்கே நிற்காது. மூன்றாவது, வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்த்திப் பார்ப்பது. ‘சம்டைம்ஸ்’ முன்னால் போனால் ஒன்றும் ஆகாது, ‘சம்டைம்ஸ் ஹி கம்ஸ்’. ‘ரேர்லி’ முன்னால் போனால் வாக்கியமே கேள்வி போலத் திரும்பிக்கொள்கிறது, ‘ரேர்லி டஸ் ஹி கம்’. ‘செல்டம்’, ‘ஹார்ட்லி எவர்’, ‘நெவர்’ எல்லாம் இந்த அணிதான். ஆக ‘ரேர்லி’ என்பது சிறிய அளவுள்ள ‘சம்டைம்ஸ்’ கிடையாது. அது மெல்லிய ‘நெவர்’.

நார்வே உளவியலாளர் கார்ல் ஹால்வர் டைகனும் அவரது சக ஆய்வாளர்களும் வாய்ப்பைக் குறிக்கும் சொற்களில் இதே குணத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே எண்ணைக் குறிக்கக்கூடிய இரண்டு சொற்களில் ஒன்று நடப்பதை நோக்கிக் கை காட்டும், மற்றொன்று நடக்காததை நோக்கிக் கை காட்டும். மருத்துவர் ஒரு மருந்தைப் பற்றி ‘சம்டைம்ஸ்’ வாந்தி வரும் என்றால், தயாராக இருங்கள் என்கிறார். ‘ரேர்லி’ வாந்தி வரும் என்றால் பயப்படாதீர்கள் என்கிறார். புள்ளிவிவரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். தமிழிலும் இது உண்டு. ‘எப்போதாவது வருவார்’ என்பதும் ‘வருவதே அபூர்வம்’ என்பதும் ஒரே மனிதரைப் பற்றிய, ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு தீர்ப்புகள். முதலாவது அவருக்காகக் கதவைத் திறந்து வைக்கிறது. இரண்டாவது அவர்மேல் ஒரு குறையை வைக்கிறது. இந்த வித்தியாசத்தை உணர்ந்து பேசுகிற மாணவரிடம், ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்யும் இரண்டு சொற்களை 50 என்றும் 10 என்றும் அறிமுகப்படுத்துகிறோம். அதன் பிறகு குட்டிக் கேள்வியையும் ‘எனி’யையும் தலைகீழ் வாக்கியத்தையும் தனித்தனிப் பாடங்களாக, தனித்தனி விதிகளாக, வெவ்வேறு ஆண்டுகளில் நடத்துகிறோம். எல்லாம் ஒரே உண்மையின் முகங்கள் என்று ஒரு நாளும் சொல்வதில்லை.

எதிர்மறை என்று வந்துவிட்டால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள ஆழமான வேறுபாடு வெளியே வருகிறது. தமிழில் மறுப்பு வினைமுற்றில் இருக்கிறது. ‘ஒருபோதும்’ என்று தொடங்கினால் ‘வரமாட்டான்’, ‘வந்ததில்லை’ என்று முடித்தே ஆக வேண்டும். ‘ஒருபோதும் வருவான்’ என்பது வாக்கியமே ஆகாது. ஆங்கிலத்தின் ‘நெவர்’ தானே மறுப்பைச் சுமக்கிறது. வினை உடன்பாடாகவே நிற்கும். ‘ஒருபோதும்’ என்பதற்கு ‘நெவர்’ என்று மட்டும் பொருள் சொல்லிக் கொடுத்தால், தமிழ் மாணவர் தன் மொழியின் ஒழுங்குப்படி ‘ஹி நெவர் டஸன்ட் கம்’ என்று எழுதுவது முழுக்க நியாயமான தவறு. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் அவர் வராமல் இருந்ததே இல்லை என்று பொருள்படும். ஏணியில் ‘நெவர்’ பக்கத்தில் 0 என்று எழுதியிருப்பது இந்த மாணவருக்கு எந்த உதவியும் செய்யாது. இந்தச் சொல் வினையிடமிருந்து மறுப்பைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்று சொன்னால் உதவும். ‘ஹார்ட்லி’யும் அப்படித்தான். கடினமாக உழைப்பவரைப் புகழ நினைத்து ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்று எழுதினால் அவர் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும்.

இனி இடம். முதன்மை வினைக்கு முன், ‘இஸ்’ஸுக்குப் பின், துணைவினைகள் பல இருந்தால் முதல் துணைவினைக்குப் பின் என்று மூன்று தனி விதிகள் போலத் தோன்றுபவை உண்மையில் ஒன்றுதான். ‘நாட்’ எங்கே நிற்குமோ அங்கேதான் இந்த வினையடையும் நிற்கும். ‘ஹி இஸ் நாட் லேட்’, ‘ஹி இஸ் ஆஃபன் லேட்’. ‘ஷி ஹாஸ் நாட் சீன் இட்’, ‘ஷி ஹாஸ் ஆஃபன் சீன் இட்’. துணைவினையே இல்லாத வாக்கியத்தில் ‘நாட்’ தனக்குத் துணையாக ‘டூ’, ‘டஸ்’ என்று ஒன்றை அழைத்து வருகிறது: ‘ஹி டஸ் நாட் ஸ்மோக்’. ‘ஆஃபன்’ அப்படி யாரையும் அழைத்து வராமல் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது: ‘ஹி ஆஃபன் ஸ்மோக்ஸ்’. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் முதன்மை வினைகள் நகராதவை, துணைவினைகளும் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்று வரும் ‘பி’ வினையும் மட்டும் முன்னே நகர்பவை என்பதே இதற்குக் காரணம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ‘ஐ நோ நாட்’ என்பதே சாதாரண ஆங்கிலம். முதன்மை வினை அப்போது ‘நாட்’டைத் தாண்டி முன்னே போனது. பிரெஞ்சில் இன்றும் போகிறது. அங்கே ‘அடிக்கடி’ என்ற சொல் வினைக்குப் பின்னால்தான் வரும். ஜோசப் எமண்ட்ஸ் 1978-லும் ஜான்-ஈவ் பொல்லாக் 1989-லும் எழுதிய கட்டுரைகள், வினையடை நிற்கும் இடத்தையே அளவுகோலாக வைத்து இந்த வேறுபாட்டை விளக்கின. மொழியியலில் பெரிய விவாதங்களைத் தொடங்கிவைத்த கட்டுரைகள் அவை. பள்ளி மாணவருக்கு அந்தக் கோட்பாடு வேண்டாம். ‘நாட்’டின் இடத்தைத் தேடு என்ற ஒரு வரி போதும், கேள்வி வாக்கியம், எதிர்மறை வாக்கியம், வினையடை மூன்றும் ஒரே துணைவினையைச் சுற்றி நடப்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

‘நாட்’டும் வினையடையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போதுதான் இடத்தின் முழு வலிமையும் தெரிகிறது. ‘அவர் எப்போதும் உண்மை சொல்வதில்லை’ என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எந்நேரமும் பொய்யே சொல்வார் என்றும் கொள்ளலாம். உண்மை சொல்வது உண்டு, ஆனால் எல்லா நேரத்திலும் இல்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் அழுத்தம் நமக்குக் கைகொடுக்கிறது. எழுத்தில் ‘எப்போதுமே’ என்று ஏகாரம் சேர்த்தோ, வாக்கியத்தையே மாற்றியோ தெளிவுபடுத்துகிறோம். ஆங்கிலம் இந்த வேலையை வரிசையிடம் ஒப்படைத்திருக்கிறது. ‘டஸன்ட் ஆல்வேஸ்’ என்றால் மறுப்பு வெளியே, ‘எப்போதும்’ உள்ளே: எல்லா நேரமும் இல்லை, சில நேரம் உண்டு. ‘நெவர்’ என்றால் ஒரு தடவையும் இல்லை. ‘டஸன்ட் ஆஃபன்’ என்றால் அரிதாகத்தான் நடக்கிறது. ‘ஆஃபன் டஸன்ட்’ என்றால் நடக்காத தடவைகள் பல உண்டு. நடந்த தடவைகளும் பல இருக்கலாம். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை ஆள்கிறது. ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு, பாதுகாப்பு அறிவிப்பு, சாட்சியம் என்று ஆங்கிலத்தில் படித்துக் கையெழுத்திடும் எல்லாவற்றிலும் இந்த வரிசைக்கு விளைவு உண்டு. தமிழ் தன் வழியில் கையாளும் ஒரு தெளிவின்மையை ஆங்கிலம் வேறு வழியில் கையாள்கிறது என்பதை அறியாத மாணவர், ‘நாட்’டையும் ‘ஆல்வேஸ்’ஐயும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, தான் நினைத்ததற்கு நேர்மாறானதைச் சொல்லியிருப்பதை அறியாமலே போய்விடுவார்.

வழக்கத்தைச் சொல்லும் முறையிலும் இரு மொழிகளும் பிரிகின்றன. தமிழ் வழக்கத்தைப் பெரும்பாலும் வினையின் வாலில் வைக்கிறது. ‘போவதுண்டு’, ‘போவதில்லை’, ‘போவது வழக்கம்’. எதிர்காலம் என்று நாம் பெயரிட்டிருக்கும் வடிவமே வழக்கத்துக்கும் உரியது: ‘அவர் காலையில் நடப்பார்’ என்றால் நாளைக்கு என்று பொருளல்ல, தினமும் என்று பொருள். மலை நிற்பது போன்று முக்காலத்துக்கும் உரியவற்றை எந்த வடிவில் சொல்வது என்று தொல்காப்பிய வினையியலே யோசித்திருக்கிறது. அவ்வளவு பழைய கவலை இது. தமிழ் மாணவர் தினசரி வழக்கத்தை ஆங்கிலத்தில் ‘ஹி வில் வாக் டெய்லி’ என்று எழுதுவதற்கு இந்த வடிவமே மூலம். ஆங்கிலமோ வினையை வெறும் நிகழ்காலத்தில் விட்டுவிட்டு, வழக்கத்தின் சுமையை வினையடையின் தோளில் ஏற்றுகிறது. இங்கே ஒரு நுட்பமான கண்ணியும் உண்டு. ‘ஆல்வேஸ்’ஐ ‘-இங்’ வடிவத்தோடு சேர்த்தால் அலுப்பும் எரிச்சலும் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘யூ ஆர் ஆல்வேஸ் ஆஸ்கிங் க்வெஸ்சன்ஸ்’ என்று ஆசிரியர் பாராட்டாகச் சொன்னாலும், கேட்கும் ஆங்கிலேயர் காதில் அது பெரும்பாலும் கண்டிப்பாகவே விழும். தமிழ் மாணவருக்கு இதை விளக்க நீண்ட குறிப்பு தேவையில்லை. ‘எப்போதும் கேள்வி கேட்பான்’ என்பதற்கும் ‘எப்பப் பார்த்தாலும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கான்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்டினால் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார். தாய்மொழியில் இத்தனை துல்லியமான கருவி இருக்கும்போது அதை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது எனக்குப் புரியவே இல்லை.

இதெல்லாம் பெரியவர்களுக்குச் சரி, தொடக்க நிலையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 40 பேர் உள்ள வகுப்பில், 40 நிமிடத்தில், படம் ஒன்று கை கொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிடிமானத்துக்கு எண் தேவையில்லை. சொற்களின் வரிசை பெரும்பாலும் உண்மையானது, எண்கள்தான் பொய். ‘ஆஃபன்’ ‘சம்டைம்ஸ்’ஸைவிட அதிகம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘சம்டைம்ஸ்’ஸுக்கும் ‘ரேர்லி’க்கும் நடுவே ஒரு தடித்த கோடு போட்டு, மேலே இருப்பவை ‘உண்டு’ என்ற பக்கம், கீழே இருப்பவை ‘இல்லை’ என்ற பக்கம் என்று தமிழிலேயே எழுதிவிடலாம். அதே படம், அதே நேரம், கூடுதல் சுமை ஏதுமில்லை. எளிமைக்காகப் பாதி உண்மையைச் சொல்வதை ஏற்கலாம். பின்னால் அழித்து எழுத வேண்டிய பொய்யை எளிமை என்று அழைக்கக் கூடாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஆய்வுகளிலிருந்தே வருகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லிடியா வைட், பிரெஞ்சு பேசும் ஐந்தாம், ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கில வினையடைகளின் இடத்தை வெளிப்படையாகக் கற்பித்து, தவறுகளைத் திருத்தி, 1991-ல் முடிவுகளை வெளியிட்டார். கற்பித்த உடனே நல்ல முன்னேற்றம். ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது அது கரைந்துபோயிருந்தது. அப்படியானால் இலக்கணம் சொல்லித் தருவதே வீண், நிறையப் படிக்கவும் கேட்கவும் விட்டால் தானாக வரும் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அதற்கும் அதே ஆய்வுக்குழு பதில் வைத்திருக்கிறது. மார்த்தா டிரேஹியும் வைட்டும் 1993-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், குழந்தைகளுக்கு எந்த விதியும் சொல்லாமல், வினையடை நிறைந்த ஆங்கிலத்தை இரண்டு வாரம் வெள்ளம்போலப் பாய்ச்சினார்கள். குழந்தைகள் சரியான வரிசையைப் புதிதாகக் கற்றார்கள். தவறான வரிசையைக் கைவிடவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஆக, விதி மட்டும் கொடுத்தால் மறந்துபோகிறது. படிப்பு மட்டும் கொடுத்தால் பழைய தவறு போவதில்லை. அந்தக் குழந்தைகளின் தாய்மொழி பிரெஞ்சு, நம் மாணவர்களுடையது தமிழ். தவறுகளின் வடிவம் வேறாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு இந்த ஆய்வுகள் சொல்வது இதுதான்: இரண்டு வாரம் நடத்தி மூடிவிடும் பாடம் எதுவும் நிற்காது. ‘நாட்’டின் இடம் கேள்வி வாக்கியத்தில் வருகிறது, எதிர்மறையில் வருகிறது, செயப்பாட்டுவினையில் வருகிறது, ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வினையடையை அதோடு கட்டிவிட்டால் அந்தப் பாடமெல்லாம் இதற்கும் திருப்புதலாகிவிடும். தனித் தீவாக நடத்தினால்தான் ஓராண்டில் கரையும்.

ஆங்கிலம் இன்று நம் மொழியும்தானே, ‘ஆல்வேஸ் ஹி கம்ஸ் லேட்’ என்று சொன்னால் யாருக்குத்தான் புரியாது, ஏன் இந்தக் கெடுபிடி என்ற வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. இந்தியாவில் அந்த வாக்கியத்தைக் கோடிக்கணக்கானோர் சொல்கிறார்கள், கேட்கிறவர்களுக்குப் பொருள் சிதைவதில்லை. ‘ஹி வில் வாக் டெய்லி’யும் அப்படியே. இவற்றுக்குச் சிவப்பு மையில் மதிப்பெண் குறைப்பது நேர விரயம். வினையடையை இரண்டு சொல் தள்ளி வைத்ததற்காக ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது அதைவிட மோசம். ஆனால் அந்தத் தாராளம் எல்லைக்கோட்டில் நின்றுவிட வேண்டும். ‘நெவர் டஸன்ட்’ என்று எழுதும்போதும், ‘ஹார்ட்லி’யைப் புகழ்ச்சியாக எழுதும்போதும், ‘நாட்’டையும் ‘ஆஃபன்’னையும் மாற்றிப் போடும்போதும் பொருள் தலைகீழாகிறது. நம் தேர்வுகள் இதை நேர்மாறாகச் செய்கின்றன. பொருள் மாறாத இடப்பிழைக்கு மதிப்பெண் போகிறது. பொருள் மாறும் இடத்தைக் கேள்வித்தாள் தொடுவதே அரிது. வினையடையைச் சரியான இடத்தில் பொருத்துக என்ற கேள்வியை ‘முன்னால், பின்னால்’ என்று மனப்பாடம் செய்தவர் ஒரு வாக்கியத்தையும் புரிந்துகொள்ளாமல் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்வில் என்ன கேட்கப்படுமோ அதைத்தான் எவரும் நடத்துவார்கள். எனவே மாற்றம் கேள்வித்தாளிலிருந்து தொடங்கட்டும், அதற்குப் புதிய பாடநூலோ கூடுதல் செலவோ வேண்டாம். ஒரு மாதிரி: பேருந்து ஓட்டுநர் இருவரைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் தரப்படுகின்றன. ஒருவர் ‘டஸன்ட் ஆஃபன் செக் த பிரேக்ஸ்’. இன்னொருவர் ‘ஆஃபன் டஸன்ட் செக் த பிரேக்ஸ்’. இவர்களில் பிரேக்கை அரிதாகத்தான் சோதிப்பவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார், மற்றவரைப் பற்றி ஏன் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று கேள்வி. விடையை மாணவர் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதலாம்.